இரும்புத் திரையும் நிலக்கரியும்: ஓர் இசைப்பயண வீடியோவின் வரலாறு

1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9ஆந் திகதி, போலந்தின் தலைநகராகிய வார்சோவில், தோர்வார் மண்டபத்தில், 'அயன் மெய்டன்' என்னும் ஆங்கில இசைக்குழு தனது உலகச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கிற்று. வார்சோவை அடுத்து லொட்ஸ், பொஸ்னான், விரொட்ஸ்லாவ், கட்டோவிட்சே ஆகிய போலந்து நகரங்களிலும், ஹங்கேரியின் புடாபெஸ்ற்றிலும், யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட், லுப்லியானா நகரங்களிலும் அக்குழு இசை நிகழ்த்தியது. மேற்குலகில் வழங்கும் முழு மேடை அமைப்புடனும் ஒளிச் சாதனங்களுடனும் கிழக்கு ஐரோப்பாவுக்குச் சென்ற முதல் ஹெவி மெற்றல் குழு என இக்குழு பேசப்படுவதுண்டு. அதனுடன் படப்பிடிப்பாளரும் சென்றனர். கென்னி ஃபியூமனின் நெறியாள்கையில் உருவான அப்படம் 'இரும்புத் திரைக்குப் பின்னால்' என்ற தலைப்புடன், வீட்டிலிருந்து பார்க்கும் வீடியோ நாடாவாக அடுத்த ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய அரை மணி நேரமே ஓடும் சிறிய படம் அது.

பேரோசையும் நீண்ட தலைமயிரும் தோலாடையுமாக வரும் ஓர் இசைக்குழுவின் பயணப் படத்தை எமது ஏடு ஏன் ஆராய வேண்டும் என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. எமது விடை இதுதான்: வீடியோ நாடாவும் ஒரு வரலாற்று ஆவணம். கல்வெட்டொன்றை ஆராய்பவர் அதில் என்ன பொறிக்கப்பட்டுள்ளது என்பதோடு அமைவதில்லை. அதனை வெட்டுவித்தவர் யார், எவருக்காக வெட்டுவித்தார், அதே காலத்தில் அதே ஊரில் நிகழ்ந்தும் கல்லில் இடம்பெறாது போனவை யாவை என்றும் கேட்பார். இக்கேள்விகளை மேற்படி நாடாவிடம் கேட்கும்போது, அது காட்டும் செய்தியினும் காட்டாது விட்ட செய்தி பெரிதாக இருப்பதைக் காண்கிறோம். அச்செய்தி உழைக்கும் வர்க்கத்தைப் பற்றியது. உழைக்கும் வர்க்கத்தின் பெயரால் ஆட்சி செய்தோரைப் பற்றியது. ஆதலின் அது எமக்கு உரிய பொருளே.

முதலில் தலைப்பை நோக்குவோம். 'இரும்புத் திரை' என்ற தொடரை உலக அரசியலில் நிலைபெறச் செய்தவர் வின்ஸ்ரன் சேர்ச்சில். 1946 மார்ச் 5ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஃபுல்ற்றன் நகரில் ஆற்றிய உரையில், பால்ற்றிக் கரையிலுள்ள ஸ்ரெற்றினிலிருந்து ஏட்ரியாற்றிக் கரையிலுள்ள திரியெஸ்ற் வரை ஐரோப்பாவின் குறுக்கே அத்தகைய திரை விழுந்துவிட்டதாக அவர் கூறினார். பனிப்போரின் சொற்களஞ்சியத்தில் இதனிலும் வெற்றிபெற்ற தொடர் வேறில்லை. இதே சேர்ச்சிலின் குரல் இசைக்குழுவின் அச்சுற்றுப்பயணத்திலும் ஒலித்தது. கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் பதிவான நிகழ்ச்சி, 1940இல் அவர் ஆற்றிய போர்க்கால உரையின் ஒலிப்பதிவுடனேயே தொடங்குகின்றது. வானப் படையினர் பற்றிய பாடல் அதனைத் தொடர்கின்றது. இளைஞர் அதனை நாசிசத்துக்கு எதிரான வீரத்தின் நினைவாகக் கேட்டனர் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரே மனிதரின் ஒரு சொற்றொடர் படத்துக்குத் தலைப்பாகவும் மற்றோர் உரை மேடைக்குத் தோற்றுவாயாகவும் அமைந்தமை, விற்பனைக்கு வரும் பண்பாட்டுப் பொருள் எத்தகைய கருத்துலகிலிருந்து தன் மொழியைக் கடன் வாங்குகின்றது என்பதைக் காட்டும்.

இத்தலைப்பு வரலாற்றை மழுங்கடிப்பதையும் குறிப்பிட வேண்டும். யூகோஸ்லாவியா 1948ஆம் ஆண்டிலேயே சோவியத் அணியிலிருந்து விலக்கப்பட்ட நாடு. 1961இல் அணிசேரா நாடுகளின் முதலாவது உச்சி மாநாடு கூடியது அதன் தலைநகராகிய பெல்கிரேட்டிலேயே. அம்மாநாட்டில் இலங்கையும் பங்குகொண்டது. 1976இல் ஐந்தாவது மாநாடு கொழும்பில் நடந்தது. அந்தப் பெல்கிரேட்டையும் வார்சோவையும் ஒரே திரையின் பின்னால் வைத்துக் கட்டுதல் பொருளைச் சந்தைப்படுத்த வசதியாக இருந்தது. மேற்கின் நுகர்வோனுக்கு அது ஒரே இருண்ட பிரதேசம். அங்கே ஒளியேந்திச் செல்பவர் இசைக்குழுவினர்.

உண்மையில் அவ்விசை பிறந்த இடமே இருண்ட பிரதேசந்தான். ஆயின் அது இங்கிலாந்தில் இருந்தது. ஹெவி மெற்றல் இசையின் மூலத்தை ஆராய்வோர் பெரும்பாலும் பேர்மிங்ஹாம் நகரின் அஸ்ற்றன் பகுதியையே சுட்டுவர். உலோக ஆலைகள் நிறைந்த அத்தொழிலாளர் பகுதியில் தோன்றிய 'பிளக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரியில் வெளிவந்தது. அக்குழுவின் கிற்றார் வாசிப்பாளர் ரொனி அயோமி தமது பதினேழாம் வயதில் உலோகத் தகடு வெட்டும் ஆலையொன்றில் வேலை செய்தவர். வேலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் அகப்பட்டு, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்கு நரம்புகளை அழுத்தும் கை வலக்கையே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு அவர் மீண்டும் வாசிக்கப் பழகினார். மெல்லிய நரம்புகளைக் கட்டினார். பின்னர் அவற்றின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். ஹெவி மெற்றல் இசைக்கே உரியதெனக் கொள்ளப்படும் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலியின் உருவாக்கத்தில் ஒரு தொழிற்சாலை விபத்துக்கும் பங்குண்டு.

இஃது ஒரு தனி மனிதரின் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. பேர்மிங்ஹாமை அடுத்த வெஸ்ற் புறொம்விச் பகுதியில் உருவான 'ஜூடாஸ் பிறீஸ்ற்' குழு 1980 ஏப்ரலில் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'பிரிட்டிஷ் ஸ்ரீல்'. அதே பெயருடைய அரச உருக்கு நிறுவனத்தில் பயிலுநராக வேலை செய்தவர் அக்குழுவின் கிற்றார் வாசிப்பாளருள் ஒருவரான கிளென் ரிப்ரன். அவ்வாண்டு சனவரித் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை அந்நிறுவனத்தின் தொழிலாளர் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அயன் மெய்டன் குழுவை 1975 டிசம்பரில் கிழக்கு லண்டனின் லெய்ற்றன் பகுதியில் அமைத்தவர் ஸ்ரீவ் ஹரிஸ். அவர் கட்டடப் படவரைஞராக வேலை பார்த்தவர். 1981இல் சேர்ந்த பாடகர் புறூஸ் டிக்கின்சன் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த வோர்க்சொப் நகரிற் பிறந்தவர். அவருடைய பாட்டனார் சுரங்கத் தொழிலாளி. 1980இல் வெளிவந்த இக்குழுவின் தனிப்பாடல் இசைத்தட்டொன்றின் அட்டையில், குழுவின் சின்னமாகிய எலும்புருவம் பிரதமர் மார்கிரட் தச்சரைக் கத்தியாற் குத்தி வீழ்த்தியதாகச் சித்திரிக்கப்பட்டிருந்தது. இதனைக் கொண்டு இவர்களைப் புரட்சியாளர் எனக் கொள்வது பேதைமை. இவர்கள் பாடியவை பெரும்பாலும் போர், புராணம், மரணம், பேய்க்கதை, பழைய ஆங்கிலக் கவிதை ஆகியன. ஆயினும் எந்த மண்ணிலிருந்து இக்குரல் எழுந்தது என்பதில் மயக்கமில்லை. ஆலையும் சுரங்கமும் மூடப்படத் தொடங்கிய நகரங்களின் பிள்ளைகளே இதனைப் படைத்தனர். அத்தகைய பிள்ளைகளே இதனை முதலிற் கேட்டனர்.

இனிப் போலந்தை நோக்குவோம். அங்கே ஆட்சி நடத்திய கட்சியின் பெயர் ஐக்கிய தொழிலாளர் கட்சி. 1970 டிசம்பரில் உணவு விலையேற்றத்தை எதிர்த்துப் பால்ற்றிக் கரையோர நகரங்களின் கப்பல் தளத் தொழிலாளர் கிளர்ந்தபோது, அக்கட்சியின் ஆட்சி அவர்களைச் சுட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சேர்ச்சில் குறிப்பிட்ட ஸ்ரெற்றின், போலந்து மொழியில் ஷ்செச்சின் எனப்படும் நகரம், அவ்வாறு சுடப்பட்ட நகரங்களுள் ஒன்று. திரையின் வடமுனையென்று அவர் சொன்ன இடத்திலேயே தொழிலாளரின் குருதி சிந்தியது. சிந்தச் செய்ததோ தொழிலாளர் பெயரைத் தாங்கிய ஆட்சி. 1980 ஓகஸ்டில் க்டான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் தளத்தில், பாரந்தூக்கி இயக்குநரான அன்னா வலென்ரினோவிச் என்னும் பெண் தொழிலாளி வேலைநீக்கம் செய்யப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த வேலைநிறுத்தம் 'சொலிடாரிட்டி' என்னும் ஒருமைப்பாட்டுத் தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்தது. ஓராண்டுக்குள் அதன் அங்கத்தினர் தொகை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டிற்று. 1981 டிசம்பர் 13ஆந் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மூன்று நாட்களின் பின், கட்டோவிட்சே நகரின் வுயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது விசேட பொலிஸ் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. ஒன்பது சுரங்கத் தொழிலாளர் உயிரிழந்தனர்.

இராணுவச் சட்டம் 1983 யூலையில் நீக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில், அதே கட்டோவிட்சேயின் ஸ்பொடெக் மண்டபத்தில் அயன் மெய்டன் இசைத்தது. அங்கு திரண்டிருந்த இளைஞருட் பலர் அந்தச் சுரங்க நகரத்தின் பிள்ளைகள். ஆட்சியாளர் இதற்கு ஏன் இடமளித்தனர்? அரசியற் கூட்டம் கூட முடியாத இளைஞர் மண்டபத்துட் கூவிக் களைத்து வீடு திரும்புதல் ஆட்சிக்குக் கேடில்லை என்ற கணக்கு அங்கு இயங்கிற்று எனக் கொள்ளலாம். 1980 முதல் யாரொச்சின் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் நடைபெற்ற பெரும் றொக் இசைவிழாவும் இவ்வாறே பொறுத்துக்கொள்ளப்பட்டது. அரச வானொலியின் மூன்றாம் சேவை மேனாட்டு இசைத்தட்டுகளை முழுமையாக ஒலிபரப்ப, இளைஞர் அவற்றை ஒலிநாடாவிற் பதிந்து கைக்குக்கை மாற்றினர். திரையில் இவ்வளவு துளைகள் இருந்தன. அவற்றுட் சிலவற்றை இட்டவர் திரைக்கு உரியவரே.

மேற்கிலிருந்து வந்தவர்தாம் இவ்விசையைப் போலந்துக்கு அறிமுகஞ் செய்தனர் என்ற எண்ணம் படத்தைப் பார்ப்போர்க்கு எழுதல் கூடும். அது தவறு. ஒப்போலே நகரில் 1979இல் தோன்றிய 'தி.எஸ்.ஆ.', பொஸ்னான் நகரின் 'துர்போ', கட்டோவிட்சேயின் 'காற்' ஆகிய குழுக்கள் ஏற்கெனவே தம் மொழியில் இவ்விசையை வளர்த்துக்கொண்டிருந்தன. சிலேசியாவின் சுரங்க நகரத்திலும் பேர்மிங்ஹாமின் ஆலைப் பகுதியிலும் ஒரே வகை ஒலி இளைஞரைக் கவர்ந்தமைக்கு ஒலிபரப்பும் ஒலிநாடாவும் வழி செய்தன. ஆனால் வழி மட்டுமே காரணமாகிவிடாது. புகையும் இரைச்சலும் முறைவேலையும் நிறைந்த ஒரேவகை வாழ்க்கை இருபுறமும் இருந்தது.

படத்தின் சிறந்த பகுதி மேடைக்கு வெளியே உள்ளது. பொஸ்னான் நகரில் ஓர் இரவு, குழுவினர் உள்ளூர்த் திருமண விருந்தொன்றினிடையே நுழைந்து, மணவீட்டு மேடையில் ஏறி 'டீப் பேர்ப்பிள்' குழுவின் புகழ்பெற்ற பாடலொன்றை வாசிக்கின்றனர். ஒளிக்கோலங்கள் இல்லை, பிரமாண்டமான எகிப்தியக் காட்சியமைப்பும் இல்லை. மணமக்களும் உறவினரும் தொலைவிலிருந்து வந்த விருந்தினரோடு ஆடுகின்றனர். முப்பது நிமிடப் படத்தில் இக்காட்சியிலேதான் இரும்புத் திரை என்ற தலைப்பு முற்றாகப் பொய்த்துப்போகின்றது. விற்கும் கலைஞன், வாங்கும் சுவைஞன் என்ற பிரிவும் அந்தச் சிறிது நேரத்துக்கு மறைந்துவிடுகின்றது. படத்தை ஆக்கியோர் இதனை ஒரு வேடிக்கையாகவே சேர்த்திருக்கலாம். எனினும் ஆவணத்தின் பெறுமதி ஆக்கியோரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை.

இவ்வளவும் படம் காட்டுவது. காட்டாதது எது? 1984 மார்ச்சில் இங்கிலாந்தின் தேசிய நிலக்கரிச் சபை இருபது சுரங்கங்களை மூடி இருபதினாயிரம் வேலைகளை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அது ஓராண்டு நீடித்தது. யூன் 18ஆந் திகதி யோர்க்ஷயரின் ஓகிறீவ் கற்கரி ஆலையின் முன் மறியல் செய்த தொழிலாளர்மீது குதிரைப் பொலிசார் ஏவப்பட்டனர். கைதானவருள் தொண்ணூற்றைந்து பேர்மீது கலகஞ் செய்ததாகவும் சட்டவிரோதமாகக் கூடியதாகவும் குற்றஞ் சாட்டப்பட்டது. வழக்கு அடுத்த ஆண்டில் நீதிமன்றில் நிலைக்காது வீழ்ந்தது. இசைக்குழு வார்சோவில் இறங்கிய ஓகஸ்ட் மாதம், அவ்வேலைநிறுத்தத்தின் ஆறாம் மாதம்.

அந்த மாதங்களில் போலந்திலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு பண்டம் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் நிலக்கரி. தொழிலாளர் கட்சி ஆண்ட நாடு, வேலைநிறுத்தத்தை முறியடிக்க முனைந்த தச்சர் அரசாங்கத்தின் நாட்டுக்கு நிலக்கரியை விற்றது. வெளிநாட்டுக் கடன் சுமையில் அழுந்தியிருந்த போலந்து அரசுக்கு மேற்கின் செலாவணி தேவைப்பட்டது. ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஆதர் ஸ்கார்கில் 1983இல் சொலிடாரிட்டியைச் சோசலிசத்துக்கு விரோதமான அமைப்பு என்று கண்டித்தவர். மறு ஆண்டில் தமது தொழிலாளரின் போராட்டத்துக்கு எதிராக வந்திறங்கும் போலந்து நிலக்கரியை எதிர்த்துக் குரலெழுப்ப வேண்டியவரானார். தலைமறைவாக இயங்கிய சொலிடாரிட்டியின் கிளையொன்றோ ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளருக்குத் தன் ஆதரவைத் தெரிவித்தது.

வாசகர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். வுயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளரைக் கொன்ற ஆட்சி, அதே சிலேசிய மண்ணின் கரியை விற்று யோர்க்ஷயர்த் தொழிலாளரின் கையைப் பலவீனப்படுத்திற்று. இரும்புத் திரை மனிதரைத் தடுத்தது, கருத்தைத் தடுத்தது, சில வேளை இசையையும் தடுத்தது. நிலக்கரியை அது தடுக்கவில்லை. ஏறத்தாழ அதே பாதையில் எதிர்த்திசையிற் சென்ற இசைக்குழுவின் பாரவண்டிகளைக் கமெரா பின்தொடர்ந்தது. நிலக்கரிக் கப்பல்களைப் பின்தொடரவில்லை. சோசலிசத்தை நேசிக்கும் ஒருவர் இவ்வுண்மையைச் சொல்லத் தயங்குவாராயின், அதனைச் சொல்லும் உரிமை முழுவதையும் சோசலிசத்தின் பகைவரிடம் ஒப்படைத்தவராவார்.

அடுத்து, இந்நாடா ஒரு விற்பனைப் பண்டமாக எவ்வாறு இயங்கிற்று என்பதைக் காண்போம். யப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையிலான வீடியோ சாதனத்தை 1976இற் சந்தைக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் மேற்கு நாடுகளின் தொழிலாளர் வீடுகளிலும் அது புகுந்தது. முன்பு ஓர் இரவில் ஒலித்து மறைந்த இசைநிகழ்ச்சி இப்போது பெட்டியில் அடைத்து விற்கக்கூடியதாயிற்று. போலந்தின் நாணயமாகிய ஸ்லொற்றியை வெளிச்சந்தையிற் சுதந்திரமாக மாற்ற இயலாது. ஆகவே அப்பயணத்தின் பலன் நுழைவுச் சீட்டின் வருவாயோடு அடங்கியிருக்க முடியாது. அந்தப் பயணத்தைப் பற்றிய கதையையும் மேற்கிலே விற்க முடிந்தது. கதையின் நாயகர் இசைக்குழுவினர். ஆனால் கதைக்குச் சுவையூட்டியவை வார்சோவினதும் கட்டோவிட்சேயினதும் முகங்கள். அம்முகங்களுக்கு உரியோர், வீடியோ சாதனமொன்றை வாங்க விரும்பின், டொலர் பெற்றுக்கொண்டு மேனாட்டுப் பொருள் விற்கும் அரசின் 'பெவெக்ஸ்' கடைகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஸ்லொற்றியிற் கூலி பெற்ற தொழிலாளிக்கு அது எட்டாக்கனி.

நாடாவையும் இசைத்தட்டுகளையும் வெளியிட்ட ஈ.எம்.ஐ., அக்காலத்தில் 'தோர்ன் ஈ.எம்.ஐ.' என்னும் பெருநிறுவனத்தின் ஒரு பகுதி. அந்நிறுவனத்தின் மற்றொரு பகுதி இராணுவத்துக்கான ராடர் முதலிய மின்னணுக் கருவிகளை உற்பத்தி செய்தது. இக்குழு வார்சோ நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னர், ஹிரோஷிமா நாளாகிய ஓகஸ்ட் 6ஆந் திகதி, அணுவாயுதப் போரையும் போரினால் இலாபமடைவோரையும் சாடும் தனிப்பாடல் ஒன்றை வெளியிட்டது. உலகம் அழிவை நெருங்குவதைக் காட்ட அமெரிக்க அணு விஞ்ஞானிகள் அமைத்த கடிகாரத்தின் முள், 1953இல் நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் முன்னதாக நின்றது. 1984இல் மூன்று நிமிடம். பாடலின் தலைப்பு அந்த இரண்டு நிமிடத்தையே குறிக்கின்றது. போர்க்கருவி வணிகத்தைச் சாடும் பாடல் போர்க்கருவி செய்யும் நிறுவனத்தின் கிளையினூடாக வந்தமை முதலாளித்துவத்தின் இயல்பை நன்கு விளக்கும். இலாபம் தருமாயின் தன்னை ஏசுவதையும் அது விற்கும். ஏசுபவரின் கோபம் உண்மையானது என்பதும் அதனாற் பொய்யாகிவிடாது.

கலைஞரும் இப்பொறியிலிருந்து தப்பினாரில்லை. அச்சுற்றுப்பயணத்துக்கு இட்ட பெயர் 'உலக அடிமைத்தனம்'; மேடையில் பாரோ மன்னரின் எகிப்து. பெயர் விளையாட்டாக இடப்பட்டிருக்கலாம். 1984 ஓகஸ்ட் தொடங்கி 1985 யூலை வரை, பதினொரு மாதங்களில் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். முடிவில் குழுவினர் முற்றாகக் களைத்துப்போய் நீண்ட ஓய்வை நாடினர். புகழும் பணமும் பெற்ற நடுமேடைக் கலைஞரின் நிலையே இதுவெனில், ஒவ்வோர் இரவும் அந்த எகிப்தை எழுப்பி, அதே இரவிற் பிரித்து, வண்டியிலேற்றிய மேடைத் தொழிலாளரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பயணப் படங்களில் அவர்கள் பெரும்பாலும் பின்னணியிலேயே நகர்வர்.

இதே பயணத்தில் எழுந்த இரண்டாவது வீடியோ, 'லைவ் ஆப்ரர் டெத்'. ஜிம் யூக்கிச்சின் நெறியாள்கையில், லோங் பீச் அரங்கில் 1985 மார்ச் 14 முதல் 17 வரை நடந்த நிகழ்ச்சிகளிற் படமாக்கப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. ஆங்கிலேயச் சுரங்கத் தொழிலாளர் தோல்வியுற்று, தம் கொடிகளை ஏந்தி, பித்தளை வாத்தியங்கள் முழங்க வேலைக்குத் திரும்பியது மார்ச் 5ஆந் திகதி. இவ்வாறு, இரண்டு வீடியோக்களுள் ஒன்று அப்போராட்டத்தின் நடுவிலும் மற்றொன்று அது முடிந்து ஒன்பதாம் நாள் தொடங்கியும் பதிவாயின. அவற்றில் நிலக்கரி பற்றிய பேச்சில்லை. திட்டமிட்ட மறைப்பு என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. விற்பனைக்கான கேளிக்கை தன் சட்டகத்தை எவ்வளவு குறுகலாக வகுக்கின்றது என்பதையே சுட்டுகிறோம்.

இத்தகைய ஆவணங்கள் குறித்து இருவகைத் தவறான முடிபுகள் வழங்குகின்றன. றொக் இசையே சோசலிச ஆட்சிகளை வீழ்த்திற்று என்பது ஒன்று. போலந்தின் ஆட்சியை உலுக்கியவர் 1970இலும் 1980இலும் வேலையை நிறுத்திய கப்பல் தள, சுரங்க, ஆலைத் தொழிலாளர். கிற்றார் அங்கு போய்ச் சேருமுன்னரே இறைச்சி விலையும் கூலியும் பேசிவிட்டன. இவ்விசை முழுவதும் சீரழிந்த முதலாளித்துவப் பண்பாடு என்பது மற்றைய முடிபு. கிழக்கு ஐரோப்பியப் பண்பாட்டு அதிகாரிகளும் மேற்கின் இடதுசாரிகளுட் சிலரும் அவ்வாறே மொழிந்தனர். அவர்களுக்கு எதிர்முனையில் நின்றோரும் இவ்விசையை வெறுத்தமை வேடிக்கையானது: 1985 செப்டெம்பர் 19ஆந் திகதி, பாடல்களால் இளைஞர் கெடுகின்றனர் என்ற முறைப்பாட்டை ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபைக் குழுவொன்று விசாரித்தது. 'ருவிஸ்ரட் சிஸ்ரர்' என்னும் ஹெவி மெற்றல் குழுவின் பாடகர் டீ ஸ்னைடர் அங்கு தோன்றித் தம் பாடல்களுக்காக வாதாடினார். வாஷிங்ரனின் ஒழுக்கக் காவலரும் கிழக்கின் பண்பாட்டுக் காவலரும் தொழிலாளர் பிள்ளைகளின் இரைச்சலைக் கேட்டு ஒரே மாதிரி அஞ்சினர்.

அதன் பின்னர் வந்த படங்கள் காலத்தின் போக்கைத் தெளிவுறக் காட்டும். 1986 யூலையில் 'குயீன்' குழு புடாபெஸ்ற்றின் மக்கள் விளையாட்டரங்கில் வழங்கிய நிகழ்ச்சியைப் படமாக்கியவர்கள் ஹங்கேரியத் திரைப்படத் தொழிலாளரே. 1991 செப்டெம்பர் 28ஆந் திகதி, சோவியத் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோல்வியுற்ற மறுமாதம், மொஸ்கோவின் தூஷினோ விமானத் தளத்தில் 'ஏ.சி.-டி.சி.', 'மெற்றாலிக்கா', 'பன்ரெரா' முதலிய குழுக்கள் இலவசமாக இசைத்தன. பல இலட்சம் மக்கள் திரண்டனர். அதுவும் படமாகி, 1992இல் வீடியோவாக வந்தது. 1991 முடியுமுன்னரே சோவியத் ஒன்றியம் மறைந்தது. இலவச இசைக்குப் பின் வந்த சந்தை இலவசமாக இருக்கவில்லை.

போலந்தில் 1990 சனவரியில் அதிர்ச்சி வைத்தியம் எனப்பட்ட பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. சொலிடாரிட்டி பிறந்த க்டான்ஸ்க் கப்பல் தளம் 1996இல் வங்குரோத்தடைந்தது. 1989இல் நான்கு இலட்சம் பேரளவில் வேலை செய்த போலந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இன்று ஓர் இலட்சத்துக்கும் குறைவானோரே உளர். இங்கிலாந்தின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. நிலக்கரி எரிப்பதைக் குறைத்தல் மனித குலத்துக்கு இன்றியமையாதது என்பதை நாம் அறிவோம். ஆயின் சுரங்கத்தை மூடுவது ஒன்று; சுரங்கத்தால் வாழ்ந்த ஊர்களைக் கைவிடுவது மற்றொன்று. இருபுறத் தொழிலாளர்க்கும் இரண்டாவதே வாய்த்தது. 2008இல் 'லைவ் ஆப்ரர் டெத்' புதிய இறுவட்டாக வெளிவந்தபோது, 'இரும்புத் திரைக்குப் பின்னால்' படத்தின் நீட்டிய வடிவமும் அதனோடு சேர்க்கப்பட்டது. அதற்குள் திரையும் இல்லை, யூகோஸ்லாவியாவும் இல்லை. நாடாவை வெளியிட்ட ஈ.எம்.ஐ.யும் 2012இற் கூறுபட்டு விலைபோயிற்று.

எஞ்சியிருப்பது ஆவணம். ஆசிரியர்களும் மாணவர்களும் இத்தகைய படங்களைப் புறக்கணிக்கவும் வேண்டா, மயங்கிப் பார்க்கவும் வேண்டா என்பதே எமது கருத்து. வகுப்பறையில் 1984ஆம் ஆண்டைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் இப்படத்தைக் காட்டலாம். காட்டிய பின், கட்டோவிட்சே மண்டபத்தின் முன்வரிசையில் கைகளை உயர்த்தி நிற்கும் இளைஞனின் தந்தை எங்கு வேலை செய்திருப்பான், அவன் வெட்டிய கரி எந்தத் துறைமுகத்துக்குச் சென்றிருக்கும், அங்கு அதனை இறக்க விடாது மறிக்க நின்றவர் யார் என்று மாணவரைக் கேட்கட்டும். விடைகளைத் தேடிச் செல்லும் மாணவர், வார்சோவிலும் பேர்மிங்ஹாமிலும் யோர்க்ஷயரிலும் ஒரே வர்க்கத்தைச் சந்திப்பர்.